நிழலுக்குத் தீட்டு உண்டோ?

சந்திர கிரகணம் வரும் நாள்களில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் ஒரு வழக்கம் இன்றும் மறையாதிருக்கிறது. திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று, பகவான் புத்தரின் திருவுருவத்தை வீட்டில் வைத்து வணங்குவோரே அன்று மாலை சமைத்த உணவைக் கொட்டிவிடுகின்றனர். தண்ணீர்க் குடத்தில் தர்ப்பைப் புல்லை இடுகின்றனர். கருவுற்ற பெண்ணை அறையில் அடைத்துக் கதவைச் சாத்துகின்றனர். கிரகணம் விட்டபின் தலைமுழுகித் தீட்டுக் கழிக்கின்றனர். வினவினால், "பெரியோர் செய்தது, நாமும் செய்கிறோம்" என்பர். அந்தத் தீட்டு யாது, எங்கிருந்து வருகிறது, யார்மேல் ஒட்டுகிறது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். அதற்கு முதற்கண் சூரியன், பூமி, சந்திரன் ஆகிய மூன்றும் இயங்கும் முறையைத் தெளிவாக அறிதல் வேண்டும்.

பூமி தன்னைத் தானே ஒரு நாளில் ஒரு முறை சுற்றிக்கொள்கிறது. தென்னிந்தியாவில் நிற்கும் நாம் இச்சுழற்சியினால் மணிக்கு 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டே இருக்கிறோம். நம்மோடு நிலமும் காற்றும் சேர்ந்தே செல்வதால் அஃது நமக்குத் தோன்றுவதில்லை. படகிற் செல்பவனுக்குக் கரையிலுள்ளவை பின்னோக்கி ஓடுவனபோல் தோன்றுமாறு, நமக்கும் விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வனவாகத் தோன்றுகின்றன என்று ஆரியபட்டர் கி.பி. 499-லேயே எழுதிவைத்தார். இச்சுழற்சியோடு, பூமி சூரியனை விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓராண்டில் ஒரு முறை சுற்றிவருகிறது. சந்திரனோ பூமியை விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவில் சுற்றுகிறது. ஒரு விண்மீனின் பக்கத்திலிருந்து புறப்பட்ட சந்திரன் மீண்டும் அவ்விண்மீனை அடைய 27.3 நாள்கள் போதும். ஆனால் ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே 29.5 நாள்கள் செல்கின்றன. இவ்வேறுபாடு ஏன் எனின், அந்த 27 நாள்களில் பூமியும் சூரியனைச் சுற்றிச் சிறிது தூரம் நகர்ந்துவிடுகிறது. ஆகவே சூரியனுக்கு நேர் எதிரே வந்து நிற்பதற்குச் சந்திரன் இன்னும் இரண்டு நாள் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது. நம் உபோசத நாள்களெல்லாம் இந்த 29.5 நாள் கணக்கை ஒட்டியே வருகின்றன.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்கிவிடுவோம். பிறை வளர்வதும் தேய்வதும் பூமியின் நிழலால் என்று கற்றவர்களுள்ளும் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சந்திரனில் பாதி எப்பொழுதும் சூரிய ஒளி பெற்றே இருக்கிறது. அந்த ஒளிபெற்ற பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே வளர்பிறையும் தேய்பிறையும். தக்கனின் சாபமும் அன்று, நோயும் அன்று.

அப்படியாயின் கிரகணம் யாது? பௌர்ணமியன்று பூமிக்கு ஒருபுறம் சூரியனும் மறுபுறம் சந்திரனும் நிற்கின்றன. அமாவாசையன்று சந்திரன் இடையில் நிற்கிறது. பௌர்ணமியில் பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுந்தால் சந்திர கிரகணம். அமாவாசையில் சந்திரனின் நிழல் பூமிமேல் விழுந்தால் சூரிய கிரகணம். இவ்வளவே. ஆனால் இதைக் கேட்ட சிறுவன்கூட உடனே ஒரு வினா எழுப்புவான்: அங்ஙனமாயின் ஒவ்வொரு பௌர்ணமியிலும் ஒவ்வொரு அமாவாசையிலும் கிரகணம் வரவேண்டுமே, ஏன் வருவதில்லை? நல்ல வினா. இதற்குரிய விடை தெரியாத காலத்தில்தான் பாம்பு வந்து நுழைந்தது.

விடையை ஒரு தேங்காயையும் ஒரு சிறு எலுமிச்சம்பழத்தையும் கொண்டு காணலாம். உரித்த தேங்காய் 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ளது என்போம், அது பூமி. அவ்வளவில் சந்திரன் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த எலுமிச்சம்பழம் ஆகும். இரண்டையும் எவ்வளவு தூரத்தில் வைப்பது? படங்களில் அருகருகே வரைந்திருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு சாண் தூரம் என்பார்கள். உண்மையில் 3.6 மீட்டர், அதாவது 12 அடி தள்ளி வைக்கவேண்டும். சந்திரனின் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர் அல்லவா? சூரியனோ இவ்வளவையில் 13 மீட்டர் குறுக்களவுள்ள பெருங்கோளமாய் 1.4 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும். தேங்காயின் நிழல் பின்னே கூம்புபோல் குறுகிக்கொண்டே சென்று, எலுமிச்சம்பழம் இருக்கும் தூரத்தில் 9 சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலமே உடையதாகிறது.

இப்பொழுது கவனிக்க: சந்திரன் செல்லும் பாதை, பூமி செல்லும் பாதையின் தளத்திற்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. ஐந்து பாகைதானே என்று எண்ணலாகாது. 12 அடி தூரத்தில் இச்சாய்வு எலுமிச்சம்பழத்தை 32 சென்டிமீட்டர் வரை மேலே தூக்கிவிடும், அல்லது கீழே இறக்கிவிடும். 9 சென்டிமீட்டர் அகலமுள்ள நிழலுக்கு ஒரு முழத்துக்குச் சற்றே குறைந்த உயரத்தில் அது தப்பிச் சென்றுவிடும். ஆகவேதான் பெரும்பாலான பௌர்ணமிகளில் கிரகணம் இல்லை. இரு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகள் இரண்டு உண்டு. அப்புள்ளிகளின் அருகில் சந்திரன் இருக்கும்போதே பௌர்ணமியோ அமாவாசையோ நேர்ந்தால்தான் நிழல் படும். ஆண்டில் ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒரு முறை இத்தகைய காலம் வருகிறது.

இந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளுக்கும் சோதிட நூலார் இட்ட பெயர்களே இராகு, கேது என்பன. பஞ்சாங்கத்தில் இராகு இன்ன இராசியில் நிற்கிறார் என்று எழுதியிருப்பதெல்லாம் இந்தப் புள்ளியின் இடத்தைத்தான். அவை 18.6 ஆண்டுகளில் வானத்தைப் பின்னோக்கி ஒரு முறை சுற்றிவருகின்றன. புள்ளிக்கு உடல் இல்லை, வாய் இல்லை, விழுங்குவதற்கு வயிறும் இல்லை. நான்கு தெருக்கள் கூடும் சந்திக்கு ஒரு பெயர் இட்டு, அச்சந்தி நம்மைக் கடிக்கும் என்று அஞ்சுவது எத்தகையதோ அத்தகையதே இராகுவுக்கு அஞ்சுவதும்.

சந்திர கிரகணத்தைக் கண்ணாரக் கண்டவர்கள், முழுமையான மறைப்பின்போது சந்திரன் கரியதாகாமல் செம்பு நிறமாய்த் தோன்றுவதை அறிவர். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் இரவு வானம் தெளிந்திருந்த இடங்களிலெல்லாம் இந்தியர்கள் இதனைக் கண்டனர். இரவு 11 மணி முதல் 82 நிமிடங்கள் சந்திரன் முழுதும் நிழலுள் இருந்தது. அச்செந்நிறத்தை இரத்தம் என்றும், கேடு குறிப்பது என்றும் கூறுவோர் உளர். பூமியைச் சூழ்ந்துள்ள காற்று சூரிய ஒளியைச் சிறிது வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. நீல ஒளி வழியிலேயே சிதறிவிட, சிவந்த ஒளி மட்டும் சென்று சேர்கிறது. அந்நேரத்தில் பூமியைச் சுற்றிலும் எங்கெங்கே விடியலும் அந்தியும் நிகழ்கின்றனவோ, அத்தனை இடங்களின் செவ்வானமும் சேர்ந்து சந்திரன்மேல் விழுகின்றது என்று சொன்னால் அது கற்பனை அன்று, முற்றிலும் உண்மை. நிழலின் விளிம்பு எப்பொழுதும் வில்போல் வளைந்திருப்பதையும் அன்று காணலாம். அதைக் கொண்டே பூமி உருண்டை என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாதிட்டார்.

சூரிய கிரகணத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். சூரியன் சந்திரனைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. ஆதலின் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவினவாகத் தோன்றுகின்றன. சந்திரன் தன் பாதையில் சற்று அப்பால் இருக்கும்போது சூரியனை முழுதும் மறைக்க இயலாமல், சுற்றிலும் ஒளி வளையம் எஞ்சும். 2019 டிசம்பர் 26 காலையில் கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பகுதிகளில் காணப்பட்டது இத்தகையதே. அருகில் இருக்கும்போது முழு மறைப்பு. ஆயினும் எவ்விடத்திலும் ஏழரை நிமிடத்துக்கு மேல் அது நீடிப்பதில்லை. 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் அத்தகைய முழுக் கிரகணம் குண்டூர் வழியாகச் சென்றது. மக்கள் கதவடைத்தும் நீராடியும் அஞ்சிய அச்சில நிமிடங்களில், பிரான்சு நாட்டு ஜான்சன் முதலிய அறிஞர்கள் கருவி வைத்துச் சூரியனின் ஒளியைப் பகுத்து நோக்கினர். அக்கிரகணத்தில் கண்ட ஒரு மஞ்சட் கோட்டிலிருந்துதான் ஹீலியம் என்னும் தனிமத்தின் வரலாறு தொடங்குகிறது. பூமியில் அது கண்டெடுக்கப்பட்டது 1895-ல். சென்னை வானாய்வுக் கூடத்தைச் சேர்ந்த இரகுநாதாச்சாரி என்னும் தமிழகத்தவரும் 1868-ல் அதனை ஆராயச் சென்றார். அஞ்சுவோர்க்கும் ஆராய்வோர்க்கும் வானம் ஒன்றே.

இனி நாம் கருத்தூன்ற வேண்டிய செய்திக்கு வருவோம். இந்நாட்டில் கிரகணத்தின் காரணம் அறியப்படாமல் இருந்ததா எனின், இல்லை. சந்திரன் சூரியனை மறைக்கிறது, பூமியின் பெருநிழல் சந்திரனை மறைக்கிறது என்று ஆரியபட்டர் வெளிப்படையாகவே எழுதினார். வராகமிகிரரும் இராகு காரணம் அன்று என்றார். ஆயினும் கி.பி. 628-ல் பிரம்மஸ்புட சித்தாந்தம் இயற்றிய பிரம்மகுப்தர், இராகுவை மறுப்போர் வேதத்திற்கும் ஸ்மிருதிக்கும் மாறுபட்டவர் என்று கண்டித்தார். கண்டித்துவிட்டு, கணக்கிடும்போது தாமும் நிழலின் அளவைக் கொண்டே கணக்கிட்டார்! ஏறத்தாழ 1030-ல் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி இதனைக் கண்டு வியக்கிறார். இவ்வளவு அறிவுடையவர் தம் மனச்சான்றுக்கு மாறாகப் பேசியது, சாக்ரடீசுக்கு நேர்ந்தது போன்றதொரு நெருக்கடியினால் இருக்கலாம் என்று அவர் கருதுகிறார். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. கணக்கு ஏட்டில் நின்றது. பாம்பு தெருவுக்கு வந்தது. அறிந்தவர் அறிந்ததை மறைத்தமையால் அறியாதவர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தலைமுழுகுகின்றனர்.

தமிழ்நாட்டுக் கணிதர் ஒருவரைப் பற்றியும் இங்குக் கூறுதல் தகும். ஜான் வாரன் என்பார் 1825-ல் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலிலிருந்து இச்செய்தி தெரிகிறது. புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே 1825 மே 31-ஆம் நாள் இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். காகிதமும் கருவியும் இன்றி இவ்வளவு அணுகியது பெரிய திறமைதான். இத்தகைய கணக்குமுறையின் வேர் பாபிலோனியக் களிமண் ஏடுகள் வரை செல்கிறது என்று 1952-ல் நாய்கபவர் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். நாம் கேட்பது இதுவே: சோழியைக் கொண்டு இன்ன நாழிகையில் தொடங்கும், இன்ன நாழிகையில் முடியும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒன்று, ஓர் அசுரனின் சினமாக இருக்க முடியுமா? சினத்திற்கு அட்டவணை உண்டோ? தானம் கொடுத்தாலும் கொடாவிட்டாலும் அந்நேரத்திலேயே அது விட்டுவிடும் என்பதைப் பஞ்சாங்கம் எழுதியவரே அறிவார். அப்படியிருந்தும் அதே பஞ்சாங்கத்தில் அடுத்த வரியில், இன்ன நட்சத்திரத்தார் நெற்றியில் ஓலைப் பட்டம் கட்டிச் சாந்தி செய்துகொள்ள வேண்டும், பட்டத்தோடு தட்சிணையும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள், பிராமணரைக் கொண்டு எச்சடங்கும் செய்விப்பதில்லை என்பதும் ஒன்று. ஓலைப் பட்டமும் அதனுள் அடங்கும்.

தீட்டு என்பதற்கு வருவோம். கிரகணத்தில் நிகழ்வது ஒரு நிழல் விழுதல், வேறொன்றும் இல்லை. அந்நிழல் பட்ட சந்திரன் தீட்டு. அச்சந்திரனின் ஒளி பட்ட உணவு தீட்டு. அவ்வொளியில் நின்ற மனிதர் தீட்டு என்பது அவர்களுடைய கணக்கு. நிழலால் தீட்டு ஒட்டும் என்னும் இந்தக் கொள்கையை நம்மவர் வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். மராட்டிய நாட்டில் பேஷ்வாக்களின் ஆட்சியில், தீண்டப்படாதாரின் நிழல் பட்டால் இந்து தீட்டாவான் என்று கருதி, இந்து வரும் தெருவில் அவர்கள் நடக்கலாகாது என விதித்திருந்ததை டாக்டர் அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில் எடுத்துரைக்கிறார். பூமியின் நிழலும் மனிதனின் நிழலும் ஒரே பொருள்: ஒளி தடைப்பட்ட இடம். அதற்கு எடை இல்லை, ஈரம் இல்லை, மணம் இல்லை. ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்கு எதையும் கொண்டுசெல்ல அதனால் இயலாது. வானத்து நிழலுக்குத் தீட்டு உண்டு என்று ஒப்புக்கொள்கிறவன், தெருவில் நம் பாட்டனார் நிழலுக்கும் தீட்டு உண்டு என்று சொன்னவனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான்.

இவ்விரண்டையும் நாமாக முடிச்சுப் போடவில்லை. மராட்டியத்தில் மாங் வகுப்பு மக்கள் கிரகண வேளையில் தெருத்தெருவாகச் சென்று, தானம் கொடுத்தால் கிரகணம் விடும் என்று கூவிப் பழந்துணியும் தானியமும் பெற்றுவந்தனர். பீகாரில் துசாத் மக்கள் இராகுவையே தெய்வமாக வணங்கிவந்தனர். விழுங்கும் அசுரனையும் ஒதுக்கப்பட்ட மக்களையும் ஒரே இனமாகப் பார்த்த பார்வை அது. தலைமுழுகும் நம் சகோதரர்கள் தாம் யாரைக் கழுவிக்கொள்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கே நம்மவருள் படித்தோர் ஒரு தடை எழுப்பலாம். "சம்யுத்த நிகாயத்திலேயே இராகு வருகிறானே? இராகு பற்றியபோது சந்திர தேவன் பகவானைச் சரணடைந்ததாகவும், பகவான் இராகுவிடம் அவனை விடுமாறு கூறியதாகவும் சந்திம சூத்திரம் சொல்கிறதே? அது பரித்தமாகவும் ஓதப்படுகிறதே?" எனலாம். தடை நேர்மையானது, மூடி மறைக்கத் தக்கதன்று. அச்சூத்திரம் அக்காலத்து மக்கள் பேச்சில் வழங்கிய கதையை ஏற்றுப் பேசுகிறது. ஆயினும் அதில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் நோக்குக. அஞ்சியவன் சரணடைகிறான், சரணடைந்தவன் விடுவிக்கப்படுகிறான். தீட்டு என்ற சொல் அங்கு இல்லை, நீராட்டு இல்லை, தட்சிணை இல்லை. அங்குத்தர நிகாயத்தில் மற்றோரிடத்தில், சூரிய சந்திரர்களின் ஒளியை மறைப்பன நான்கு என்று பகவான் கூறுகிறார்: மேகம், மூடுபனி, புகையும் தூசியும், இராகு. துறவியின் ஒளியை மறைப்பன நான்கு என்று கூறுமிடத்தில், கள், காமம், பொன்னும் வெள்ளியும் ஏற்றல் ஆகிய மூன்றோடு நான்காவதாகத் தவறான பிழைப்பைச் சேர்க்கிறார். இராகுவை மேகத்தோடும் புகையோடும் வைத்து எண்ணியவர் அதனை அஞ்சத்தக்க தேவதையாக்கவில்லை என்பது எம் கருத்து. தவறான பிழைப்பு யாது என்பதற்குத் தீக நிகாயத்துப் பிரம்மஜால சூத்திரம் நீண்ட பட்டியலே தருகிறது. சந்திர கிரகணம் வரும், சூரிய கிரகணம் வரும், அதனால் இன்ன பலன் விளையும் என்று சொல்லி வயிறு வளர்த்தலும் அப்பட்டியலில் உண்டு.

இன்னொன்று. 2021 மே 26, 2022 மே 16, 2023 மே 5 ஆகிய மூன்றும் வைசாகப் பௌர்ணமிகள். மூன்றிலும் கிரகணம் நேர்ந்தது. கடைசியானது மங்கலான புறநிழற் கிரகணம். நம் நாட்டில் இரவில் நிகழ்ந்தது. கிரகணம் தீட்டாயின், பகவான் பிறந்த நாளும் போதி பெற்ற நாளும் பரிநிர்வாண நாளும் தீட்டுப்பட்டனவோ?

சார்பிற் றோற்றத்தை மணிமேகலைக்கு அறவண அடிகள் உரைத்தார் என்பதை நம்மவர் அறிவர். இது இருப்பதால் அது தோன்றுகிறது; இது நீங்க அது நீங்குகிறது. அத்தத்துவத்திற்கு வானத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது. மூன்று கோளங்கள் ஒரு கோட்டில் நின்றால் கிரகணம் உண்டு. ஒன்று விலகினால் இல்லை. நிலையாமையும் அங்கேயே இருக்கிறது. சந்திரனும் சூரியனும் சேர்ந்து கடலை இழுப்பதாலேயே அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் மிகுகிறது. அந்த ஓதத்தின் உராய்வால் பூமியின் சுழற்சி மிக மிகச் சிறிதாகத் தளர்கிறது. சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. 1969 முதல் சந்திரனில் வைக்கப்பட்ட கண்ணாடிகளுக்கு லேசர் ஒளி அனுப்பி இதனை அளந்திருக்கிறார்கள். சுமார் 60 கோடி ஆண்டுகள் சென்றபின் சூரியனை முழுதும் மறைக்கும் அளவு சந்திரன் தோன்றாது. முழுச் சூரிய கிரகணம் என்பதே அன்று இராது.

கருவுற்ற பெண்களைப் பற்றி எழுதாமல் இப்பாடத்தை முடிக்கலாகாது. கிரகணத்தில் வெளியே வந்தால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்கின்றனர். குழந்தையின் உதடு கருவின் நான்காவது வாரத்திற்கும் ஏழாவது வாரத்திற்கும் இடையிலேயே கூடி முடிந்துவிடுகிறது. வயிறு தெரியும் பெண்ணை அறையில் அடைக்கும் காலத்தில் அவ்வேலை முடிந்து பல திங்கள் ஆகியிருக்கும். மாறாக, நீரும் உணவும் இன்றிப் பல மணி நேரம் அவளைப் புழுக்கத்தில் வைத்திருப்பதே கேடு. மாமியார்மார்களும் தாய்மார்களும் இதனை மனத்திற் கொள்வார்களாக. உலக்கை நிற்பதைப் பற்றி வினவுவோர்க்கு ஒரு சொல்: அடி சமமான உலக்கை கிரகணம் இல்லாத நாளிலும் நிற்கும், எந்தச் செவ்வாய்க்கிழமையிலும் நிறுத்திப் பார்க்கலாம்.

பௌத்த சாரம் என்னும் ஆங்கில நூலை 1907-ல் இயற்றிய பேராசிரியர் இலட்சுமி நரசு, விஞ்ஞானம் கற்பித்தவர். விஞ்ஞானப் பாடமும் தர்மப் பாடமும் வெவ்வேறு அறைகளில் நடத்தவேண்டியவை என்று அவர் கருதவில்லை. அடுத்த சந்திர கிரகணம் பௌர்ணமி இரவில்தான் வரும். அஃது உபோசத நாளாகவும் இருக்கும். வழக்கம்போல் வந்தனையும் பரித்தமும் நடக்கட்டும். கருவுற்ற சகோதரிகள் முன்வரிசையில் அமரட்டும். பின்னர் விளக்கையும் தேங்காயையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துச் சிறுவர்களுக்கு மேற்கூறிய பாடத்தைச் செய்துகாட்டி, அனைவரும் முற்றத்திற்கு வந்து சந்திரனைக் காணலாம். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதில் யாதொரு தீங்கும் இல்லை. சமைத்த உணவை அங்கேயே பகிர்ந்து உண்ணலாம்.

சூரிய கிரகணம் மட்டும் அவ்வாறன்று. இது தீட்டினால் அன்று, ஒளியின் கடுமையினால். மறைந்தது போக எஞ்சிய சூரியக் கீற்றுகூட விழித்திரையைச் சுட்டுவிடும். அச்சூடு வலிப்பதுமில்லை, ஆகவே பார்ப்பவன் அறியமாட்டான். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம், சாணி கரைத்த நீர் இவற்றில் எதையும் நம்பலாகாது. கிரகணம் பார்ப்பதற்கென்றே தரச்சான்று பெற்ற கண்ணாடியைக் கொள்க. அது கிடைக்காதவர்கள் சூரியனுக்கு முதுகு காட்டி, அட்டையில் ஊசித்துளை இட்டு, அதன் வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்து பார்க்கலாம். மாமரமோ வேப்பமரமோ அருகில் இருப்பின் அதுவும் வேண்டியதில்லை. இலைகளின் இடைவெளிகளே துளைகளாகி, மரத்தடி நிழலில் நூற்றுக்கணக்கான சூரியப் பிறைகள் தரையில் கிடப்பதைச் சிறுவர்கள் குனிந்து எண்ணலாம்.